மூன்றாவது கோட்டடி

வல்லிபுரம் சிவநேசம் தன் வாழ்நாளில் ஒரேயொரு நாள்தான் வழக்குக்கென்று நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார். 2001ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 6ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை. காலை எட்டரை மணியிலிருந்து மாலை நாலரை மணி வரை 2.11 என்று எழுதிய ஒரு கதவுக்கு முன்னால் இருந்த மரவாங்கில், சுவரோரமாக இருந்தார். போட்டிருந்தது இரவல் கோட்டு; கை நீளம். மத்தியானம் சாப்பிடவில்லை; எழும்பிப் போன நேரத்தில் பெயரைக் கூப்பிட்டு விடுவார்கள் என்ற பயம். இவற்றில் எதையும் அவர் மறக்கவில்லை. ஆனால் இருபத்திரண்டு வருடமும் நாலு மாதமும் கழித்து, அன்றைக்கு அங்கே இருந்ததற்குச் சாட்சி எங்கே என்று ஒருத்தி கேட்டபோது, காட்டுவதற்கு ஒரு துண்டுக் கடதாசிகூட அவரிடம் இருக்கவில்லை.

கேட்டவள் அவருடைய மகள் கஜந்தி.

சிவநேசம் கரவெட்டிக்காரர். 1989 ஒக்டோபரில் மொன்றியலின் மிராபெல் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது வயது முப்பத்தொன்று. கோட்-டெ-நேஜ் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தில் 14ஆம் இலக்க வீட்டை எடுத்தார். இன்றும் அதே வீடுதான். பகலில் டவுன்டவுன் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினார், மாலையில் அலுவலகங்கள் துடைத்தார். 1995இல் அஜந்தாவை ஸ்பொன்சரில் கூப்பிட்டுக் கலியாணம் செய்தார். 1997 மார்ச் 14இல் கஜந்தி பிறந்தாள். குடியில்லை, அடியில்லை. ஆள் வீட்டில் இல்லை, அவ்வளவுதான் குறை. வீடு என்றால் உங்களுக்கு நித்திரை கொள்ளுகிற இடம் என்று அஜந்தா சொல்லுவாள். அவர் அதைக் குறை என்றே எடுக்கவில்லை. உழைக்கிறவன் வேறு என்ன செய்வான் என்று நினைத்தார். 2000 செப்டெம்பர் 18ஆம் திகதி அவர் வேலையால் வந்தபோது வீட்டில் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஆற்றுக்கு அந்தக் கரையில், புறொசாரில் இருக்கும் தமையன் வீட்டுக்கு அஜந்தா பிள்ளையோடு போயிருந்தாள்.

ஒரு வருடம் கழித்து ஒக்டோபரில் ஒரு கடிதம் வந்தது. பிரெஞ்சு. அந்த நாளில் அவருடைய பிரெஞ்சு சமையலறையோடு சரி. கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய், கூட வேலை செய்த கிருபானந்தனிடம் கொடுத்தார். கிருபானந்தன் அவரிலும் நாலு வயது மூத்தவர். ஆறு மாதம் பிரெஞ்சு வகுப்புக்குப் போனவர். அதனால் அந்த வட்டாரத்துத் தமிழ்ச் சனங்களுக்கு அவர் 'பிரெஞ்சு கிருபா'. வீட்டு வாடகைக் கடிதம், பள்ளிக்கூடக் கடிதம், ஆஸ்பத்திரிக் கடிதம் எல்லாம் அவர் கைக்குத்தான் போகும். அவர் கையைத் துடைத்துவிட்டு வாசித்தார். பிள்ளையைத் தன்னோடு வைத்திருக்க அஜந்தா போட்ட வழக்கு. நவம்பர் 6, காலை ஒன்பது மணி, அறை 2.11. "கோட்டடிக்குப் போ. கதவில இலக்கம் இருக்கும். பேசாமல் இரு, கூப்பிடுவாங்கள்" என்றார்.

சிவநேசம் போனார். கதவில் இலக்கம் இருந்தது. பேசாமல் இருந்தார். ஒருவரும் கூப்பிடவில்லை. பதினொரு மணியளவில் சீருடை போட்ட ஒருவர் வந்து, கதவில் ஒட்டியிருந்த பட்டியலையும் இவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். அதில் 'இசி' என்ற சொல் இவருக்கு விளங்கியது. இசி என்றால் இங்கே. சமையலறையில் ஒரு நாளைக்கு நூறு தரம் கேட்கும் சொல். சரி என்று தலையாட்டிவிட்டு அங்கேயே இருந்தார்.

2002 ஜனவரி நடுப்பகுதியில் பெரிய கடித உறை ஒன்று வந்தது. அதையும் கிருபானந்தன்தான் பார்த்தார். முதல் பக்கத்தைப் பார்த்ததும் அவருடைய முகம் மாறிவிட்டது. "முடிஞ்சுதடா. பிள்ளை தாயோட. இனிக் கிட்டப் போகாதை, பொலிஸ் வரும். இதைக் கிழிச்சுப் போடு, வைச்சிருந்து பாத்தா நெஞ்சுதான் நோகும்" என்றார். சிவநேசம் கிழித்து, உருளைக்கிழங்குத் தோலோடு போட்டார்.

அதன் பிறகு கிட்டப் போகவில்லை. 2006இல் கோயில் தேருக்குப் போனபோது சனத்துக்குள் அஜந்தாவையும், பச்சைப் பாவாடை உடுத்திய ஒன்பது வயதுப் பிள்ளையையும் கண்டார். பொலிஸ் என்ற எண்ணம் வந்தது. செருப்பைத் தேடி எடுக்காமலே வெளியே வந்துவிட்டார்.

அஜந்தா இந்த வருடம், 2024 பெப்ரவரி 2ஆம் திகதி, பின்னாளில் குடிபோயிருந்த லாவலில் காலமானாள். புற்றுநோய். பதினோராம் திகதி பிரேதத்தைப் பார்வைக்கு வைத்த மண்டபத்தில் சிவநேசம் கடைசி வரிசையில் கால்மணி நேரம் நின்றார். வாசலில் இருந்த புத்தகத்தில் பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதச் சொன்னார்கள், எழுதினார். மார்ச் 3ஆம் திகதி தொலைபேசி அடித்தது.

"நீங்கள்தான் சிவநேசமோ?" என்றது ஒரு பெண் குரல். ஓம் என்றார். "நான் கஜந்தி" என்றது.

மார்ச் 23, சனிக்கிழமை, நோத்ர-டாம்-த-கிரேஸில் அவளுடைய வீட்டில் சந்தித்தார்கள். மூன்றாம் மாடி. அவள் நேர்ஸ் வேலை செய்கிறாள் என்பதையே அன்றைக்குத்தான் அறிந்தார். தேத்தண்ணி தந்தாள். தமிழ் கதைத்தாள், சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து வைப்பது போலக் கதைத்தாள். அப்பா என்று கூப்பிடவில்லை. ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை.

"அம்மா ஒண்டுதான் சொன்னவ. 'உன்ர அப்பா உன்னைக் கேட்டு வரேல்லை. கோட்டுக்குக்கூட வரேல்லை' எண்டு. சாகும் மட்டும் அதைத்தான் சொன்னவ."

"நான் வந்தனான், பிள்ளை. விடியத் தொடங்கிப் பின்னேரம் மட்டும் இருந்தனான். ஒருத்தரும் கூப்பிடேல்லை."

"அப்ப அம்மா பொய் சொன்னவவோ?"

ஐம்பது நாளைக்கு முன் செத்த ஒருத்தியைப் பொய்க்காரி என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை.

"எங்கட வேலையில ஆக்களின்ர வாயை நம்பி மருந்து குடுக்கேலாது. எழுதியிருக்கோணும்" என்றாள். "கோட்டில எல்லாம் எழுதுவினம்தானே? ஆர் வந்தது, ஆர் வரேல்லை எண்டு? நீங்கள் வந்திருந்தா அது இருக்கும். கொண்டுவந்து காட்டுங்கோ."

"காட்டினா?"

"காட்டினா முதலில இருந்து தொடங்குவம். இல்லாட்டி வேண்டாம். எனக்கு ரெண்டு பேரின்ர கதையையும் தலையில வைச்சுக்கொண்டு திரிய ஏலாது."

ஏப்ரல் 9ஆம் திகதி, சூரியகிரகணத்துக்கு அடுத்த நாள், சிவநேசம் கிருபானந்தனையும் கூட்டிக்கொண்டு நகர மையத்தில் இருக்கும் நீதிமன்றத்துக்குப் போனார். கிருபானந்தனுக்கு எழுபது வயது. இடையில் இருபது வருடம் டாக்ஸி ஓடியதில் அவருடைய பிரெஞ்சு இப்போது உண்மையிலேயே பிரெஞ்சாகியிருந்தது.

"கோட்-டெ-நேஜில இருந்து கோட்டுக்குப் போறம். பாத்தியே, உனக்குத் தலையில எழுதினதே கோட்டுத்தான்" என்று மெத்ரோவில் சிரித்தார்.

"உங்களுக்குப் பகிடி."

"பகிடி விடாமல்? இருந்ததுக்குக் கடதாசி எடுக்கப் போறாய். ஆனானப்பட்ட கொலைகாரன் எல்லாம் தான் அங்க இருக்கேல்லை எண்டதுக்குத்தான் கடதாசி தேடுவான்."

பதிவேட்டுப் பிரிவில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தாள். குடும்ப வழக்கு என்றபடியால் சம்பந்தப்பட்டவருக்கு மட்டும்தான் தேடிச் சொல்லலாம் என்றாள். கூட வந்தவர் மொழிபெயர்க்கட்டும் என்று சிவநேசம் சம்மதம் தெரிவித்த பிறகு, குடும்பப் பெயர் என்ன என்று கேட்டாள்.

வல்லிபுரம் என்றார் கிருபானந்தன். பிறகு, உண்மை சொல்ல வேண்டுமே என்று, அது இவருடைய தகப்பனின் பெயர் என்றார். தகப்பனின் குடும்பப் பெயரா என்று அவள் கேட்டாள். இல்லை, தகப்பனின் சொந்தப் பெயர். அப்படியானால் சிவநேசம் குடும்பப் பெயரா? இல்லை, அது இவருடைய சொந்தப் பெயர். அப்படியானால் குடும்பப் பெயர் எங்கே?

கிருபானந்தன் திரும்பினார். "எடேய், உன்ர குடும்பத்துக்குப் பெயரே இல்லையாம். நான் என்ன சொல்ல?"

"குடும்பமே இல்லை, பெயர் என்னத்துக்கெண்டு சொல்லுங்கோ."

அவள் வல்லிபுரத்தில் தேடினாள், இல்லை. சிவநேசத்தில் தேடினாள், இல்லை. எழுத்து மாறியிருக்கலாம், பழைய கடதாசிகளைக் கொண்டு வாருங்கள் என்றாள். ஏப்ரல் 18ஆம் திகதி சிவநேசம் வீட்டில் கிடந்த எல்லாவற்றையும் கொண்டு போனார். குடியுரிமைப் பத்திரத்தில் ஒரு எழுத்து, சம்பளத் துண்டில் இன்னொரு எழுத்து, வீட்டு ஒப்பந்தத்தில் வேறொன்று, மருத்துவ அட்டையில் தகப்பனும் மகனும் இடம் மாறி. ஆக நாலு சிவநேசம். அவள் பொறுமையாக நாலு பேரையும் தேடினாள். அஜந்தாவை அவளுடைய தகப்பன் பெயரிலும் தேடினாள். ஒருவருமில்லை.

திரும்பும்போது சிவநேசம் மேலே போய்ப் பார்க்க வேண்டும் என்றார். போனார்கள். 2.11 இருந்தது. மரவாங்கு இல்லை, அந்த இடத்தில் இரும்புக் கதிரைகள் இருந்தன.

"இஞ்சதான், அண்ணை."

"ஓமடா, நம்புறன்."

"நீங்கள் நம்பி என்ன?" என்றார் சிவநேசம். சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரி இருந்தது.

பிள்ளை வளர்ந்தது லாவலில்தானே, அங்கே பார்ப்போம் என்று மே 6ஆம் திகதி லாவல் நீதிமன்றத்துக்குப் போனார்கள். மெத்ரோ முடிகிற இடத்தில் இறங்கி, பஸ் எடுத்து. அங்கேயும் நாலு சிவநேசமும் இல்லை. ஆனால் அங்கே இருந்த ஹெயிட்டிக்காரப் பெண் கணினியை விட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். வழக்குப் போட்ட நேரம் அந்த அம்மா பிள்ளையோடு எங்கே இருந்தா?

"புறொசாரில" என்றார் சிவநேசம். மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

அவள் ஒரு கடதாசியை எடுத்து, நடுவில் ஒரு முட்டை கீறினாள். இது மொன்றியல் தீவு. இது ஒரு மாவட்டம். மேலே இன்னொரு முட்டை, லாவல். இது வேறு மாவட்டம். ஆற்றுக்குக் கீழே தெற்குக் கரை. அது லொங்கேய் மாவட்டம். ஒவ்வொன்றுக்கும் தன் தன் நீதிமன்றம், தன் தன் பதிவேடு. புறொசார் என்றால் லொங்கேயில் கேளுங்கள் என்று சொல்லி, அந்த மூன்றாவது இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுத் தந்தாள்.

முப்பத்தைந்து வருடமாக இருக்கிற ஊர். லாவலில் இருக்கிறவனும் புறொசாரில் இருக்கிறவனும் எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் மொன்றியலில் என்றுதான் சொல்லுவான். அப்படிச் சொல்லித்தான் ஊருக்குக் கடிதம் எழுதினோம். நீதிமன்றப் பதிவேட்டுக்கு அது ஒரு ஊர் இல்லை.

"ஃபைலை அங்கால மாத்தியிருப்பாங்கள், அவ்வளவுதான்" என்றார் கிருபானந்தன் பஸ்ஸில். சிவநேசமும் அப்படித்தான் நினைத்தார். அன்று அவருடைய முகத்தில் கொஞ்சம் தெளிவு இருந்தது.

மே 22ஆம் திகதி லொங்கேயில் பெயர் கிடைத்தது. முதலாவது சிவநேசத்திலேயே கிடைத்தது. வழக்கு இலக்கம் 505 என்று தொடங்கியது. பழைய தீர்ப்பு, எடுத்துத் தர மூன்று கிழமை ஆகும் என்றார்கள். அந்த மூன்று கிழமையும் சிவநேசம் ஒழுங்காகச் சமைத்துச் சாப்பிட்டார். கஜந்திக்குத் தொலைபேசியில் "கிடைச்சிட்டுது, பிள்ளை" என்றார். "ஓகே. ஜூன் பதினைஞ்சு, சனி, நான் வீட்டில நிப்பன். ரெண்டு மணிக்கு வேலை, அதுக்கு முதல் வாங்கோ" என்றாள்.

ஜூன் 13, வியாழக்கிழமை, பத்தே கால். மூன்று பக்கத் தீர்ப்பு, கடைசிப் பக்கத்தில் முத்திரை. நீதிமன்றத்துக்கு வெளியே கல்வாங்கில் இருந்து கிருபானந்தன் கண்ணாடியை மாட்டினார். முதல் வரியை வாசித்தார். லொங்கேய் மாவட்டம், 2001 நவம்பர் 6, அறை 2.11. அதையே திரும்ப வாசித்தார்.

"என்னண்ணை?"

"சிவநேசம், அண்டைக்கு நீ எந்தக் கோட்டடிக்குப் போனனீ?"

"நீங்கள் சொன்ன கோட்டடிக்குத்தான்."

"நான் எந்தக் கோட்டடியெண்டு சொன்னனான்?"

"கோட்டடி எண்டுதான் சொன்னனீங்கள்."

இரண்டு பேரும் வடமராட்சிக்காரர். அங்கே கோட்டடி என்றால் பருத்தித்துறை நீதிமன்றத்தடி. அந்தச் சொல்லுக்குள்ளேயே இடம் இருக்கிறது; எந்தக் கோட்டடி என்று யாரும் கேட்பதில்லை, சொல்லுவதுமில்லை. 2001இல் அந்தக் கடிதத்தின் தலைப்பிலேயே லொங்கேய் மாவட்டம் என்று இருந்திருக்கிறது. கிருபானந்தன் அதைக் கண்டும் இருப்பார். ஆனால் நாளும் நேரமும் அறையும்தான் தேவையான விபரம் என்று நினைத்திருக்கிறார். கோட்டடி தெரிந்த கோட்டடிதானே. ஆற்றுக்கு அந்தக் கரையில் ஒரு 2.11 கதவு திறந்து மூடிய அதே நேரம், இந்தக் கரையில் இன்னொரு 2.11க்கு முன்னால் சிவநேசம் இருந்திருக்கிறார்.

"அப்ப அந்த ஆள் வந்து 'இசி' எண்டு சொன்னவனே..." என்றார் சிவநேசம் மெதுவாக.

"என்னெண்டு சொன்னவன்? வடிவா யோசி."

"பாஸிசி... பா இசி... அப்பிடி ஏதோ."

கிருபானந்தன் கண்ணாடியைக் கழற்றினார். "பா இசி எண்டா இஞ்ச இல்லையெண்டு அர்த்தமடா."

சிவநேசத்துக்கு அது தெரியாததல்ல. இந்த இருபத்திரண்டு வருடத்தில் அவர் படித்த பிரெஞ்சில் அந்த இரண்டு சொல்லும் எப்போதோ வந்துவிட்டன. அந்த நாளோடு சேர்த்து நினைக்கத்தான் அவருக்கு ஒருபோதும் தோன்றவில்லை.

முதல் பக்கத்தின் அடியில் ஒரு வரியைக் கிருபானந்தன் விரலால் தொட்டார். எதிராளிக்கு முறைப்படி அறிவித்தும் அவர் சமூகமளிக்கவில்லை. அந்த வரியில் 'டெபோ' என்ற சொல் இருந்தது. சிவநேசம் அதைத் தானே எழுத்துக் கூட்டி வாசித்தார். உணவகத்தை விட்ட பிறகு துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு களஞ்சியத்தில் பதினேழு வருடம் வேலை செய்தவர். நசிந்த பெட்டி, நனைந்த பெட்டி, உடைந்த சாமான் வந்தால் சிவப்பு லேபல் ஒட்டி ஒரு மூலையில் ஒதுக்கி வைக்க வேண்டும். லேபலில் இருந்த சொல் அதுதான். பழுது என்று அர்த்தம்.

"இது வேற அர்த்தமடா. கோட்டில, ஆள் வரேல்லை எண்டதுக்கு அப்பிடி எழுதுறது."

"ரெண்டும் ஒண்டுதான், அண்ணை."

"மற்றப் பக்கங்களையும் வாசிக்கட்டோ?"

"வேண்டாம். காணும்."

கிருபானந்தன் கடதாசிகளை மடித்து உறைக்குள் வைத்தார். "பிள்ளைக்கு நான் வந்து சொல்லுறன். என்ர பிழை. காலில வேணுமெண்டாலும் விழுறன்."

"எழுதிக் கிடக்கிறதை உங்கட வாய் மாத்துமோ?"

மெத்ரோ ஆற்றுக்குக் கீழால் போகும்போது, இதைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கிடைக்கவில்லை என்று சொன்னால் என்ன என்று சிவநேசம் யோசித்தார். கிடைத்துவிட்டது என்று தொலைபேசியில் சொல்லியாயிற்று. அதோடு, ஒருக்கால் கிழித்தது போதும் என்றும் இருந்தது. இருந்தும் ஒரு நம்பிக்கை. நடந்ததை அப்படியே சொன்னால், படித்த பிள்ளை, விளங்காமல் போகுமா?

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் போனார். கஜந்தி வேலைக்குப் போடும் நீலச் சட்டையோடு இருந்தாள். உறையைக் கொடுப்பதற்கு முன்னமே எல்லாவற்றையும் சொன்னார். தீவு, லாவல், தெற்குக் கரை, இரண்டு 2.11, பா இசி. கோட்டடி என்ற சொல்லை விளங்கப்படுத்தப் பார்த்தார். அவளுக்கு அந்தச் சொல் தெரியாது. "கோர்ட் ஹவுஸ்தானே?" என்றாள். ஓம் என்றார்.

அவள் கடதாசியை எடுத்து வாசித்தாள். பிள்ளைகள் கதை வாசிப்பது போல வேகமாக, விரல் வைக்காமல். முதல் பக்கத்தின் அடியில் கொஞ்சம் நின்றாள்.

"இதில நீங்கள் வரேல்லையெண்டு இருக்கு."

"ஓம், பிள்ளை."

"அம்மா பொய் சொல்லேல்லை."

"இல்லை. அவ பொய் சொல்லேல்லை."

அவள் தலையாட்டினாள். அவர் சொன்ன கதையை அவள் தூக்கி எறியவில்லை என்றே அந்த நேரம் அவருக்குப் பட்டது. அவள் பக்கத்தைத் திருப்பினாள். இரண்டாவது பக்கத்தின் நடுவில் அவளுடைய முகம் மாறியது. திரும்ப ஒருமுறை வாசித்தாள்.

"இது உங்களுக்குத் தெரியுமோ?"

"என்னது?"

"ரெண்டு கிழமைக்கு ஒருக்கா ஞாயிற்றுக்கிழமை. காலமை பத்து மணியில இருந்து பின்னேரம் அஞ்சு மணி மட்டும். தகப்பன் வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாம்." அவள் நிமிர்ந்தாள். "உங்களுக்குத் தந்திருக்கு."

சிவநேசத்துக்கு முதலில் விளங்கவில்லை. வேறு யாருடையதோ கடதாசியை அவள் வாசிக்கிறாள் என்று நினைத்தார்.

"கோட்டுக்குப் போகாதவனுக்கு எப்படித் தருவினம்? ஆர் கேட்டது?"

"அம்மா. அவதான் கேட்டிருக்கிறா. மனுதாரர் கேட்டபடி எண்டு இருக்கு."

வீதியில் ஒரு வாகனம் பின்னுக்கு எடுக்கும் சத்தம் கேட்டது. கஜந்தி கடதாசியை மேசையில் வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே கதைத்தாள். தனக்குத்தானே சொல்வது போல இருந்தது.

"மாமா வீட்டில இருக்கேக்க எனக்குச் சப்பாத்துப் போட்டு விடுவா. ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்குள்ள. மாமி பேசுவா, உள்ளுக்கை என்ன சப்பாத்தெண்டு. அம்மா கழட்ட விடமாட்டா. படியில இருக்கச் சொல்லுவா. மத்தியானம் சாப்பிடக் கூப்பிடேக்கதான் கழட்டலாம். எல்லா ஞாயிறும் இல்லை. ஒரு ஞாயிறு இருக்கும், ஒரு ஞாயிறு இருக்காது. நான் அதை ஒரு விளையாட்டெண்டு நினைச்சனான்."

"எவ்வளவு காலம்?"

"லாவலுக்குப் போகும் மட்டும். ரெண்டாம் வகுப்பு."

இரண்டரை வருடம். சிவநேசம் வாயைத் திறந்தார். சொல்ல வேண்டியது ஆயிரம் இருக்க, வெளியே வந்தது இதுதான். "ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு."

அவள் அவரைப் பார்த்தாள். சொல்லியிருக்கக்கூடாது என்று அவருக்கு விளங்கியது. அந்த ஞாயிறுகளில் அவர் 14ஆம் இலக்க வீட்டில் உடுப்புத் தோய்த்தார், படுத்தார், பின்னேரம் கிருபானந்தன் வீட்டுக்குப் போய்ச் சீட்டு விளையாடினார்.

"கோட்டு மாறிப் போனது சரி" என்றாள். குரல் உயரவில்லை; நோயாளியிடம் விபரம் கேட்கும் குரலாக இருந்தது. "அதை நான் நம்பலாம். ஆனா இந்தக் கடதாசி உங்கட வீட்டுக்கு வந்திருக்கோணும். இதில உங்கட அட்ரஸ் சரியா இருக்கு. வந்ததோ?"

"வந்தது."

"என்ன செய்தனீங்கள்?"

"கிழிச்சனான்."

"வாசிக்காமலோ?"

கிருபானந்தனின் பெயர் அவருடைய நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பிரெஞ்சு தெரிந்தவர், முதல் பக்கத்தோடு நிறுத்தியவர், நெஞ்சு நோகும் என்று கிழிக்கச் சொன்னவர். அதைச் சொன்னால் தன் பாரத்தில் பாதி இறங்கும் என்று தெரிந்தது. ஆனால் கிழித்த கை தன்னுடையது. மற்றப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்காத வாயும் தன்னுடையது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாள், ஒரேயொரு நாள், வேறொருவனிடம் போய்க் கேட்டிருக்கலாம்.

"வாசிக்காமல்" என்றார்.

கஜந்தி எழும்பி இரண்டு கோப்பைகளையும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். அவர் குடித்தது பாதி மிச்சம் இருந்தது. தண்ணீர்ச் சத்தம் நெடுநேரம் கேட்டது. திரும்பி வந்து, "நான் வெளிக்கிடோணும். வேலைக்கு நேரமாகுது" என்றாள்.

"ஓம், பிள்ளை."

"இதை விட்டிட்டுப் போங்கோ."

அவர் கதவடியில் சப்பாத்துப் போட்டார். குனிந்து முடிச்சுப் போட வழக்கத்தை விட நேரம் எடுத்தது. அவள் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கோ என்றும் சொல்லவில்லை. கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்று பார்த்தார். அவள் மேசையடியில் நின்று மூன்றாவது பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தாள்.

கீழே வந்து பஸ் தரிப்பில் நின்றபோது ஒரு மணி பத்து. தொலைபேசி அடித்தது. கிருபானந்தன்.

"என்னடா, வாசிச்சவளோ?"

"வாசிச்சவள்."

"என்ன சொன்னவள்? நான் வரட்டோ? இப்ப வெளிக்கிட்டா அரைமணித்தியாலத்தில நிப்பன். நான் சொல்லுறன் அவளுக்கு."

"வேண்டாம், அண்ணை. எல்லாம் சொல்லிட்டன்."

"ரெண்டு நாளா எனக்கு நித்திரை இல்லையடா. மற்ற ரெண்டு பக்கத்தையும், உன்னைக் கிழிக்கச் சொன்ன அண்டைக்கு, நான் வாசிக்கேல்லை. அதுக்குள்ள ஏதும் முக்கியமா கிடந்ததோ?"

சிவநேசம் வீதியைப் பார்த்தார். பஸ் வருகிற அறிகுறி இல்லை.

"ஒண்டுமில்லை, அண்ணை. எல்லாருக்கும் எழுதுறதுதான்."

"உண்மையாவோ?"

"உண்மையா."

"அப்ப சரி" என்றார் கிருபானந்தன்.